தீபாவளிக்கு மறுவாரத்து கேக்

தீபாவளி முடிந்து நாலைந்து நாள் ஆகிவிட்டால் எந்த வீட்டுப் பலகாரத்துக்கும் மரியாதை கிடையாது. முறுக்கு எப்படியோ தீர்ந்துவிடும். லட்டும் மைசூர்பாகும் ஜாங்கிரியும்தான் தூக்குவாளியில் கிடக்கும். திறக்கிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி மூடிவைப்பார்கள். கொடுக்க ஆள் இருக்காது, கொட்டவும் மனசு வராது. செம்மண்டலத்தில் அந்த ஒரு தெருவுக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை. அங்கே உத்திராபதி இருந்தான். மிஞ்சினதையெல்லாம் ஒரு தட்டில் போட்டு அவன் வீட்டுக்கு அனுப்பிவிட்டால், இரண்டு நாளில் அதே தட்டு கேக்காகத் திரும்பி வரும்.

கல்யாணத்துக்கு முன்னால் அவன் சிதம்பரத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரியில் மாவு பிசைந்தவன். தீபாவளிக்குப் போட்டு விலைபோகாமல் நின்ற ஸ்வீட்டையெல்லாம் அங்கே உதிர்த்து, மைதாவும் முட்டையும் சேர்த்து, கேக்காக்கி மறுவாரமே விற்றுவிடுவார்கள். வாங்குகிறவன் ஏதோ புது சரக்கு என்று நினைத்துக்கொண்டு சாப்பிடுவான். அந்தப் பேக்கரியிலிருந்து உத்திராபதி கொண்டுவந்தது அந்தக் கைப்பக்குவம் ஒன்று, மாலதி ஒன்று. காலேஜுக்குப் போகிற வழியில் தினமும் பன் வாங்க வருவாள். ஒரு பன்னுக்கு இந்தப் பெண் எதற்கு இவ்வளவு நேரம் நிற்கிறது என்பது பேக்கரி முதலாளிக்குச் சீக்கிரமே விளங்கிவிட்டது. அவள் அப்பாவுக்கு விளங்கத்தான் நாளாயிற்று.

அவனிடம் ஓவன் எல்லாம் இல்லை. ஒரு பழைய அலுமினியக் குண்டான், அடியில் ஆற்று மணல், மணல் மேல் ஒரு தட்டு, அதன் மேல் டால்டா தடவிய கேக் டின், மூடி அசையாமல் இருக்க அதன் தலையில் அம்மிக் குழவி. அடுப்பைச் சின்னதாக எரியவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துகொள்வான். கடிகாரம் பார்க்க மாட்டான். மூடியைத் திறந்து ஈர்க்குச்சியால் குத்திப் பார்க்க மாட்டான். அதெல்லாம் மூக்கு இல்லாதவன் செய்கிற வேலை என்பான். முதலில் முட்டை வாடை வரும், அப்புறம் நெய் இளகும், கடைசியில் சர்க்கரை சிவக்கிற வாசனை ஒன்று லேசாகக் கிளம்பும். அது வந்ததும் "ஆச்சு" என்று எழுந்துபோய் அடுப்பை அணைப்பான். ஒரு வருஷம்கூட அவன் மூக்கு தப்பியதில்லை. எந்த வீட்டில் என்ன மீன் வறுபடுகிறது என்று படியில் உட்கார்ந்தபடியே சொல்லி, தெருப் பெண்களிடம் வாங்கிக்கட்டிக்கொள்வதும் உண்டு. மாலதிக்கு அந்த மூக்கைப் பற்றி ரகசியமாக ஒரு பெருமை இருந்தது.

கேக்கில் பாதி தெருவுக்கு, பாதி அவனுடைய ஷிப்ட் ஆட்களுக்கு. உத்திராபதி குடிகாட்டுப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தான். சேர்ந்து பத்து வருஷம் தாண்டிவிட்டது. அவனோடு நிற்கும் சிங்காரம் தீபாவளிக்கு மறுநாளே ஆரம்பித்துவிடுவான், கேக் எங்கே மச்சான் என்று. கேக் டப்பா போகிற நாளில் ஷிப்ட் இன்சார்ஜ்கூட ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் வருவார்.

அந்தக் கம்பெனி சோறு போட்டது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் மாலதிக்கு அதை நினைத்தாலே பயம். காரணம் வைத்திலிங்கம். போன வருஷம் ஒரு குழாய் மூட்டில் கேஸ் கசிந்தது. வாடை வந்ததும் அத்தனை பேரும் ஓடிவிட்டார்கள். வைத்திலிங்கம் மட்டும் குனிந்தபடி வால்வைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருக்கு வாசனை தெரிவது எப்போதோ நின்றுபோயிருந்தது, அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். தூக்கி வந்து பிழைக்கவைத்தார்கள். இப்போது குடிகாட்டில் கயிற்றுக்கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். மூச்சு விடுவதே அவருக்கு முழுநேர வேலை. அதற்குப் பிறகு கம்பெனியில் ஒரு சட்டம் வந்தது. அவ்வப்போது வாசனை டெஸ்ட் வைப்பார்கள், மூக்கு போனவனுக்கு பிளான்டில் இடமில்லை. பர்மனன்ட் ஆளாக இருந்தால் கேட் காவலுக்கோ ஸ்டோருக்கோ மாற்றுவார்கள். கான்ட்ராக்ட் ஆள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

மாலதி ஒரு நாள் ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு வைத்திலிங்கத்தைப் பார்க்கப் போயிருந்தாள். அவர் மனைவி முத்தம்மாள் வாசல் வரை கூடவே வந்து, யாரும் கேட்காமலே சொன்னாள்.

"அவருக்கு வாசன தெரியலன்னு எனக்கு முன்னாடியே தெரியும் மாலதி. கொழம்பு அடிப்புடிச்சி தீயுது, பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சிக்கினு இருந்தாரு. யாருகிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டாரு. நானும் சொல்லல."

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாலதி பொருமிக்கொண்டே வந்தாள். புருஷன் உயிரைவிடச் சத்தியம் பெரிதா, என்ன பொம்பளை இவள் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத அம்மாளிடம்கூட ஒரு பாட்டம் சொல்லி அழுதாள். அடுத்தவர் வீட்டுக் கஷ்டத்தில் நியாயம் பேசுவது எவ்வளவு சுலபம் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

இது 2010-ஆம் வருஷத்துத் தீபாவளி. பொங்கலுக்குள் கான்ட்ராக்ட் ஆட்களில் சிலரைப் பர்மனன்ட் செய்யப்போகிறார்கள், அதில் உத்திராபதி பேரும் இருக்கிறது என்று சிங்காரம் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். வீட்டில் அந்தப் பேச்சுதான். மகள் சிவகாமி இரண்டாம் வகுப்பு. பர்மனன்ட் என்றால் என்னவென்று தெரியாமலே, அப்பா பர்மனன்ட் ஆனதும் சைக்கிள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

தீபாவளி நனைந்துதான் வந்தது. புயல் சின்னம் என்றார்கள், துறைமுகத்தில் கூண்டு ஏற்றினார்கள், பட்டாசு பாதி நமுத்துப்போயிற்று. சுவரில் ஈரம் ஏறியதும் எறும்பு சாரிசாரியாகக் கிளம்பி பலகார டின்னை மொய்த்தது. சிவகாமிக்கு வேறு இருமல். ஆனால் லட்டைக் கண்டால் கை சும்மா இருக்காது. எறும்புக்கும் பிள்ளைக்கும் எட்டாத இடம் எது என்று யோசித்து, மாலதி டின்னைத் தூக்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். பட்டுப்புடவைகள் இருக்கிற அடித்தட்டு அது. மழைக்காலமாயிற்றே என்று அதற்கு முந்தின நாள்தான் அங்கே ஒரு பாக்கெட் பாச்சா உருண்டையைப் பிரித்துக் கொட்டியிருந்தாள். வெள்ளை வெளேரென்று புடவை மடிப்புக்கு மடிப்பு கிடந்தது. அவசரத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

மறுவாரம் சிதம்பரத்தில் அவள் அக்காவுக்கு மஞ்சள் காமாலை என்று போன் வந்தது. உத்திராபதிக்கு அன்று வார லீவு. பீரோ சாவி ஆணியில் மாட்டியிருக்கிறது, சோறு வடித்து வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, சிவகாமியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். அக்கா மஞ்சள் பூத்த கண்ணோடு படுத்திருந்தாள். எண்ணெய்ப் பண்டத்தை மூன்று மாசத்துக்குக் கண்ணால்கூடப் பார்க்கக்கூடாதாம். வீட்டுக்கு வந்த ஸ்வீட் பாக்ஸை அப்படியே, நூல்கூடப் பிரிக்காமல், மாலதி கையில் கொடுத்துவிட்டாள். என் வீட்டுக்காரருக்குத்தான் இது உபயோகப்படும் என்று மாலதி சிரித்துக்கொண்டே வாங்கிப் பையில் வைத்தாள்.

சாயந்திரம் நனைந்துபோய்த் திரும்பினார்கள். வாசலில் செருப்பை விடும்போதே மூக்கில் அறைந்தது. பீரோவைக் கதவோடு அடுப்பில் ஏற்றி வேகவைத்தது போல ஒரு வாடை. அதில் நெய்யும் சர்க்கரையும் வேறு கலந்து குமட்டியது. சிவகாமி மூக்கைப் பிடித்துக்கொண்டு, அம்மா நாறுது என்றாள். மாலதி அவளைப் பக்கத்து வீட்டுக்குத் துரத்திவிட்டு உள்ளே போனாள்.

உத்திராபதி சமையலறையில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தான். எதிரே கேக், ஒரு ஓரம் கறுத்துப்போய். அதற்குப் பக்கத்தில், கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் ஆணியிலிருந்து இறங்கி வந்து தரையில் கிடந்தது. குண்டான் மூடி மேல் நாலைந்து ஈர்க்குச்சிகள். அவன் ஒரு துண்டை வெட்டி நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நீ வர்றதுக்குள்ள போட்டுடலாம்னு பாத்தேன். பீரோல டின்னு இருந்திச்சி, பாதிய எடுத்துக்கினேன். அடுப்பு கொஞ்சம் ஜாஸ்தியா எரிஞ்சிடிச்சி."

மாலதிக்குச் சட்டென்று இன்னொன்று நினைவுக்கு வந்தது. போன மாசம் ஒரு நாள் ரேஷன் கடையிலிருந்து வந்தபோது வீடெல்லாம் கேஸ் நாற்றம்; பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்க, இவன் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான். கிரிக்கெட் பைத்தியம் என்று திட்டி, ஜன்னலைத் திறந்துவிட்டாள். அன்றைக்குக் கிரிக்கெட்டைத் திட்டியது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று இப்போது புரிந்தது. ஆனாலும் ஒரு நப்பாசை, கேட்டுப் பார்த்துவிடலாமே என்று.

"ஏலக்கா போட்டீங்களா மாமா?"

அவன் வாயில் இருந்ததை மெதுவாக மென்றான். கண்ணை மூடித் தலையை ஆட்டினான்.

"போட்டேனே. கொஞ்சம் தூக்கலாவே இருக்கு. அதான் ருசியே."

வீட்டில் ஏலக்காய் தீர்ந்து பத்து நாளாகியிருந்தது.

அவள் எதிரே உட்கார்ந்தாள். பிறகு ஏலக்காய் இல்லாததையும், டின் இருந்த இடத்தில் பாச்சா உருண்டை இருந்ததையும், தெருவரைக்கும் நாறுவதையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் மெல்லுவதை நிறுத்தினான். துப்பிவிடுவான் என்று நினைத்தாள். துப்பவில்லை. விழுங்கிவிட்டு, கையிலிருந்த மிச்சத் துண்டைத் தட்டில் வைத்தான். அவன் விழுங்கியதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

ஆடி மாசத்திலிருந்து என்றான். முதலில் சளி என்று நினைத்தானாம். ஆவி பிடித்தானாம், சொட்டு மருந்து விட்டானாம். ஒரு நாள் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிற இடத்தில் நின்றுகொண்டு, ஒன்றுமே தெரியாமல் போனதும், இனி வராது என்று தெரிந்துவிட்டதாம். சாப்பாட்டில் உப்பும் புளிப்பும் இனிப்பும் மட்டும் தெரிகிறது, மற்றதெல்லாம் ஒரே சக்கை.

"கம்பெனியில டெஸ்ட் வெச்சாங்களே?" என்றாள் மாலதி.

"வெச்சாங்க. பஞ்சுல எதையோ தொட்டு மூக்கு கிட்ட காட்டுனாங்க. எனக்கு முன்னாடி நின்னவன் மூஞ்ச எப்பிடி சுளிச்சானோ, அப்பிடியே நானும் சுளிச்சேன்."

அதைச் சொல்லும்போது அவனுக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. வேலை போனால் போகட்டும், நாளைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள் என்று மன்றாடினாள். அவன் பொங்கல் வரைக்கும் என்றான். பர்மனன்ட் பேப்பர் மட்டும் கைக்கு வந்துவிட்டால் அப்புறம் சொன்னாலும் கேட்டில் உட்காரவைப்பார்கள், வெளியே தள்ள முடியாது. பத்து வருஷத்துக்கு மேல் அந்தப் புகையில் நின்றவன், இந்த இரண்டு மாசத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு வருவதா என்று கேட்டான். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை.

"அதுக்குள்ள எதுனா கசிஞ்சா?"

"சிங்காரம் பக்கத்துலதான இருப்பான். அவன் ஓடுனா நானும் ஓடுவேன்."

"வைத்திலிங்கம் அண்ணனுக்கும்தான் பக்கத்துல ஆள் இருந்தாங்க" என்றாள்.

பக்கத்து வீட்டிலிருந்து சிவகாமி தூங்கி வழிந்துகொண்டு திரும்பி வந்தாள். உத்திராபதி அவளை இழுத்து மடியில் உட்காரவைத்து, மாலதியின் கையைப் பிடித்து மகள் தலைமேல் வைத்தான். பிடி இரும்பாக இருந்தது.

"யாருகிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்னு சொல்லு."

பிள்ளையின் தலை சூடாக இருந்தது, லேசாக இருமியது. மாலதி சத்தியத்துக்குப் பயப்படுகிறவள். கையை இழுத்துப் பார்த்தாள். அவன் கையை எடுக்கவில்லை. கடைசியில் சொன்னாள், யாரிடமும் வாயைத் திறந்து சொல்ல மாட்டேன் என்று.

கேக்கைக் கொண்டுபோய்த் தெருக்கோடிக் குப்பையில் கொட்டினாள். அங்கே படுத்திருந்த நாய் எழுந்து வந்து மோந்து பார்த்துவிட்டு, வேறு பக்கமாகப் போய்ப் படுத்துக்கொண்டது. நாய்க்குக்கூடத் தெரிகிறது என்று நினைத்து அந்த மழையில் நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் அவனுக்கு மதிய ஷிப்ட். காலையில் சிவகாமி பள்ளிக்கூடம் போனதும் உத்திராபதி மெல்ல ஆரம்பித்தான். ஷிப்டில் கேக் கேட்டு அரிக்கிறார்கள், வருஷா வருஷம் கொண்டுபோகிறவன் இந்த வருஷம் கொண்டுபோகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள், எதற்கு வம்பு, சிதம்பரத்திலிருந்து வந்த பாக்ஸ் இருக்கிறதே, இன்னொன்று போட்டுவிடலாம் என்றான். மாவு அவன் கலக்குவான். பலகாரம் எடுத்து உதிர்ப்பதும் பக்கத்தில் நின்று வாசனை பார்ப்பதும் அவள் வேலை.

"இனிமே உன் மூக்குதான் மாலதி எனக்கு" என்றான். கல்யாணம் ஆன புதிதில்கூட அவன் அவளிடம் இவ்வளவு பணிந்து பேசியதில்லை.

அவள் கூடத்துக்கு வந்தாள். மேசை மேல் அக்கா கொடுத்த பாக்ஸ் இருந்தது, நூல் பிரிக்காமல். எதிரே பீரோ. சாவி ஆணியில் தொங்கியது.

முத்தம்மாள்தான் கண்முன்னால் வந்து நின்றாள். நானும் சொல்லல என்று சொன்னபோது அந்த முகம் எப்படி இருந்தது என்று இப்போதுதான் சரியாகப் பார்த்தாள். சிங்காரத்துக்கு ஒரு போன் போட்டால் போதும். ஆனால் பிள்ளையின் தலைச்சூடு இன்னும் உள்ளங்கையில் இருந்தது. வாயைத் திறக்க மாட்டேன் என்றுதானே சொன்னோம், கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று மனசுக்குள் ஒரு வக்கீல் பேசினான். அந்தப் பேச்சு அவளுக்கே அசிங்கமாக இருந்தது. பர்மனன்ட் போகும். சைக்கிள் போகும். இந்த மனுஷன் மூஞ்சியில் இனிமேல் எப்படி முழிப்பது என்பதும் இருந்தது. பொங்கல் வரை தினமும் அவனை இறக்கிவிடுகிற கம்பெனி வேன் சத்தம் கேட்கிற வரைக்கும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும் நினைத்துப் பார்த்தாள். அப்புறம் சாவியை எடுத்தாள்.

பீரோ டின்னைத் திறந்ததும் கண்ணில் நீர் கட்டியது. லட்டையும் மைசூர்பாகையும் தாம்பாளத்தில் போட்டு உதிர்த்தாள். உத்திராபதி பக்கத்திலேயே உட்கார்ந்து முட்டையை அடித்தான். அவன் முழங்கை அவள் மேல் இடித்துக்கொண்டிருந்தது. இதென்ன டின் என்று அவன் கேட்கவில்லை, பார்க்கவும் இல்லை. அவள் கொட்டியதை வாங்கி மாவோடு கலந்தான். மைதா பத்துமா என்று கேட்டான். பத்தும் என்றாள். பேக்கரியில் மாஸ்டர் திட்டுவதைப் போலக் குரல் மாற்றிப் பேசிக்காட்டினான். அவள் சிரித்தும் வைத்தாள். அந்தச் சிரிப்பை அவள் கடைசி வரைக்கும் மன்னிக்கவில்லை.

குண்டானை மூடி குழவியை ஏற்றிவிட்டு அவன் பழைய வழக்கப்படி வாசற்படியில் போய் உட்கார்ந்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுப்படியில் நின்றாள்.

"ஆச்சா?" என்று குரல் வந்தது.

"இன்னும் இல்ல."

கொஞ்சம் கழித்து மறுபடியும் கேட்டான். முந்தானையை எடுத்து மூச்சை இழுத்தாள். பாச்சா உருண்டைக்கு அடியில், எங்கோ ஆழத்தில், சர்க்கரை சிவக்கிற வாசனை வந்துவிட்டிருந்தது.

"ஆச்சு" என்றாள்.

கேக் பழுதில்லாமல் வந்திருந்தது, நல்ல பொன்னிறம். அவன் இரண்டு கையாலும் டின்னை ஏந்தி முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். பழக்கதோஷம், மூக்கு அதன் மேல் குனிந்தது. உடனே நிமிர்ந்துகொண்டான்.

"வாசன எப்பிடி இருக்கு?"

"நல்லாருக்கு மாமா" என்றாள்.

துண்டு போட்டு டப்பாவில் அடுக்கி, மூடியை இறுக்கிக் கொடுத்தாள். ஒருவரும் வாயில் வைக்கமாட்டார்கள், மூடியைத் திறந்ததுமே தெரிந்துவிடும் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. அவன் டப்பாவை நெஞ்சோடு அணைத்து, குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஓடினான். நனைந்தாலும் தான் நனையட்டும், கேக் நனையக்கூடாது என்று ஓடுகிற ஓட்டம் அது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு அதன் மேலேயே சாய்ந்து அழுதாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவன் வந்துவிட்டான். ஷிப்ட் முடிய இன்னும் எத்தனையோ நேரம் இருந்தது. வேனில் வரவில்லை, நடந்து வந்திருந்தான். குடை மடித்தபடி கையில் இருந்தது, உடம்பெல்லாம் ஈரம். சிவகாமி ஓடிப்போய் டப்பாவை வாங்கினாள். கனமாக இருந்தது.

அவனே சொன்னான், சுவரைப் பார்த்துக்கொண்டு. டப்பாவைத் திறந்தது சிங்காரம்தான். திறந்ததும் பின்னால் தள்ளிப்போய், என்ன மச்சான் தங்கச்சி பீரோவையே வெட்டிக் கொடுத்து அனுப்பிடிச்சா என்று கத்தியிருக்கிறான். எல்லோரும் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் இவன் முகம் முகமாகப் பார்த்துவிட்டு, கடைசியாகச் சிரித்தான். சத்தம் கேட்டு ஷிப்ட் இன்சார்ஜ் வந்தார். டப்பாவைப் பார்த்தார், இவனைப் பார்த்தார். தனியாகக் கூட்டிப்போய் ஒரு பாட்டிலைத் திறந்து மூக்குக்கு நேரே நீட்டி, என்னவென்று சொல் என்றார். இவன் பக்கத்தில் பார்த்தான். அந்த அறையில் பார்த்துச் சுளிக்க வேறு முகம் எதுவும் இல்லை.

கம்பெனி பாஸை வாங்கிக்கொண்டு, இனி வரவேண்டாம் என்றுவிட்டார்கள். சிங்காரம் கேட் வரைக்கும் வந்தானாம், தெரியாமல் கத்திவிட்டேன் மச்சான் என்று தலையில் அடித்துக்கொண்டானாம்.

"அவன் மேல என்னா தப்பு" என்றான் உத்திராபதி. பிறகு முதல்முறையாக மாலதி பக்கம் திரும்பினான். "நீ சத்தியம் பண்ண."

"நான் யாருகிட்டயும் வாயத் தொறக்கல மாமா."

சொல்லி முடிப்பதற்குள் அந்த வார்த்தை அவளுக்கே கசந்தது. அவன் ஓங்கி அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அறையவில்லை, கத்தவும் இல்லை. எனக்கு நீங்க உசுரோட வேணும், எனக்கு வேற ஒண்ணும் வேணாம் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் அதைக் கேட்டானா, மழைச் சத்தத்தைக் கேட்டானா என்று தெரியவில்லை. எழுந்துபோய்த் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டான்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சோறும் மிளகு ரசமும் வைத்து, ஒரு அப்பளம் சுட்டாள். மூன்று பேருக்கும் தட்டு போட்டாள். சிவகாமி உடனே கையை வைத்துப் பிசைய ஆரம்பித்தாள். உத்திராபதி தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தான். ரசம் ஊற்றின சோற்றைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு தட்டை இரண்டு கையாலும் தூக்கி மகளுக்கு முன்னால் நீட்டினான்.

"பாப்பா, கொஞ்சம் மோந்து பாத்து சொல்லு. நல்லாருக்கா?"

சிவகாமி இது ஏதோ விளையாட்டு என்று நினைத்து, குனிந்து, மூக்கைச் சோற்றில் முட்டும் அளவுக்குக் கொண்டுபோய் மோந்தாள்.

"நல்லாருக்குப்பா" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அவன் சாப்பிட்டான். மாலதி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.